பையன்களிடம் குறை இல்லை: டெக்சாஸ் ரீஜென்ட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பு இரண்டின் ரீஜென்ட் குழு உறுப்பினர்கள், அவர்களுக்கு யோசனை சொல்லும் பெரும் நன்கொடையாளர்கள்.

மதிப்பிற்குரியவர்களே,

பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் உங்கள் இரண்டு ரீஜென்ட் குழுவிலும் தலா ஒன்பது பேர். ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஏற்கிறது, ஆறு வருடப் பதவி. மருத்துவமனை, ஆய்வுக்கூடம், மாணவர் கட்டணம் என்று உங்களுக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் நவம்பர் மாதத்தில் உங்கள் ஃபோன் எதற்காக அதிகம் அடிக்கும் என்பது டெக்சாஸில் கொஞ்ச நாள் குடியிருந்த எவருக்கும் தெரியும். ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) கோச்சை மாற்று, இப்போதே மாற்று, பணத்துக்கு நான் பொறுப்பு. அந்த ஃபோன் அழைப்புகளைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் டல்லாஸுக்கு வடக்கே, ஆலன் பக்கத்தில் குடும்பத்தோடு வசிக்கும் தமிழன். சொத்து வரி ரசீது வரும்போது பள்ளி மாவட்டத்துக்குப் போகும் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் ஒருவன். எங்கள் சங்கத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இடையிடையே உங்களுக்குத் தெரிந்ததையும் விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளிக்கிழமை, பள்ளி அணிகள் ஆடும் நாள். ஆலன் உயர்நிலைப் பள்ளியின் ஈகிள் ஸ்டேடியம் 2012ல் சுமார் ஆறு கோடி டாலர் செலவில் திறக்கப்பட்டது. 18,000 பேர் உட்காரலாம். கல்லூரிக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு! இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், செப்பனிட்டு 2015ல் மறுபடி திறந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்களா என்றால் இல்லை. பக்கத்து மெக்கின்னியும், ஹூஸ்டன் அருகே கேட்டியும் ஏழு கோடி டாலர் அளவில் தங்களுக்கு ஒன்று கட்டிக்கொண்டன.

ஆட்ட நாளில் அங்கே வந்து பாருங்கள். பேண்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், அதில் பாதி எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள். ஹோம்கமிங் வாரத்தில் நம் வீட்டுப் பெண்கள் முழங்கால் வரை ரிப்பன் தொங்கும் 'மம்' பூவை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கடையில் ஃப்ரிட்டோ பை என்ற தின்பண்டம் வாங்கப் பெரிய வரிசை. மைதானத்திலோ பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பெரியவர்களுக்கான ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார்கள். காரணம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் பள்ளிக் கோச் என்பவர் மாலையில் வந்து போகும் ஆள் இல்லை. பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியர். பயிற்சிக்குப் பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் உண்டு. நடுநிலைப் பள்ளிப் பையனும் உயர்நிலைப் பள்ளி அணியின் அதே ஆட்ட முறையை, அதே பெயர்களோடு கற்றுக்கொள்கிறான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இப்படி.

இப்போது சனிக்கிழமைக்கு, அதாவது கல்லூரி அணிகள் ஆடும் உங்கள் நாளுக்கு வருவோம்.

2006 ஜனவரி 4 அன்று ரோஸ் போல் மைதானத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் அணியான லாங்ஹார்ன்ஸுக்கு ஆடிய ஹூஸ்டன் பையன் வின்ஸ் யங், கடைசி நிமிடத்தில் மூலைக்கு ஓடி, கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.யை 41-38 என்று வீழ்த்தினார். அது 2005 சீசனின் தேசியப் பட்டம். அதற்குப் பின் இந்த மாநிலத்தின் எந்தக் கல்லூரிக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஏ அண்ட் எம் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கடைசிப் பட்டம் 1939. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடம்.

இதே காலத்தில் அலபாமா, எல்.எஸ்.யு., கிளெம்சன், ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் வாங்கிவிட்டன. 2025 சீசனில் இண்டியானாவும் வாங்கிவிட்டது, தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, பதினாறு ஆட்டத்திலும் தோற்காமல். கூடைப்பந்துக்குப் பெயர் போன மாநிலம் அது. அதே வருடம் சீசன் தொடங்குமுன் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆஸ்டின் அணிக்கு, தேசியப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளே-ஆஃபில் இடமே கிடைக்கவில்லை.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். டெக்சாஸில் மேல்மட்டப் பிரிவில் மட்டும் பதின்மூன்று கல்லூரிகள், திறமை சிதறிவிடுகிறது, லூசியானாவில் எல்.எஸ்.யு. ஒன்றுதான் பெரியது, மாநிலமே அதன் பின்னால் நிற்கிறது. இதில் உண்மை உண்டு. எல்.எஸ்.யு. 2003, 2007, 2019 என்று மூன்று பட்டங்களை மூன்று வெவ்வேறு கோச்சுகளை வைத்து வாங்கியதற்கு அந்த ஏகபோகமும் ஒரு காரணம். ஆனால் முழுக் காரணமாக இதை ஏற்க முடியாது. ஒரு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு 1994 முதல் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? உங்கள் இரண்டு அணிக்கும் வேண்டிய ஆட்களைக் கொடுத்த பிறகும் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்கும் மாநிலம் இது. மிச்சத்தை ஃபோர்ட் வொர்த் ஊரின் டி.சி.யு. எடுத்து 2022 சீசனில் இறுதி ஆட்டம் வரை போனது. ஜார்ஜியாவிடம் 65-7 என்று அடி வாங்கியது வேறு கதை.

என் கட்சி இதுதான்: திறமை குறைவான ஊரில் ஒவ்வொரு பையனையும் எண்ணிப் பார்ப்பார்கள். இங்கே யாரும் எண்ணுவதில்லை. இவன் போனால் இன்னொருவன், இந்தக் கோச் போனால் இன்னொருவர். ஏராளம் உங்களைக் கவனக்குறைவாக்கிவிட்டது. இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை.

போமான்ட் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கம். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனி லீக். சார்ல்டன்-பொல்லார்ட் பள்ளியில் பப்பா ஸ்மித் என்று ஒரு பையன், மலை மாதிரி இருப்பான். அவன் அப்பாதான் அங்கே கோச். அதே ஊரின் ஹீபர்ட் பள்ளியில் மெல் ஃபார். ஹூஸ்டன் பக்கம் லா போர்ட்டில் ஜீன் வாஷிங்டன். டெக்சாஸின் பெரிய கல்லூரிகள் ஆடிய அன்றைய லீக்கான சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கல்லூரிகளில் எதுவும் இவர்களைச் சேர்க்கத் தயாராக இல்லை. ஸ்மித்தும் வாஷிங்டனும் பனி கொட்டும் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார்கள், ஃபார் லாஸ் ஏஞ்சலீஸில் யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1967ல் என்ன நடந்தது? முதல் ஆளாக ஸ்மித், ஏழாவதாக ஃபார், எட்டாவதாக வாஷிங்டன். முதல் எட்டுப் பேரில் மூவர் டெக்சாஸ் பையன்கள், மூவரும் டெக்சாஸுக்காக ஒரு நாள்கூட ஆடாதவர்கள்.

நதிக்கு அந்தப் பக்கம் ஒக்லஹோமா 1950களிலேயே கறுப்பின வீரரைச் சேர்த்துவிட்டது. டல்லாஸின் எஸ்.எம்.யு. துணிந்து போமான்டின் ஜெரி லிவையஸைக் கூட்டி வந்தது. அவர் களமிறங்கிய 1966லேயே அந்த அணி கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியது. அதைப் பார்த்தும் ஆஸ்டினுக்கு உறைக்கவில்லை. 1969ல் வெள்ளை வீரர்கள் மட்டுமே கொண்ட அணியோடு தேசியப் பட்டம் வாங்கினார்கள். அப்படி வாங்கிய கடைசி அணி அதுதான். கறுப்பினத்தவரான ஜூலியஸ் விட்டியர் அங்கே ஆடத் தொடங்கியது 1970ல். அந்த வருடங்களில் பழகிய வழி அப்புறம் அடைபடவே இல்லை. ஹூக்ஸ் ஊர் பில்லி சிம்ஸ் ஒக்லஹோமா போய் 1978ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். பாலஸ்டீன் ஊர் ஏட்ரியன் பீட்டர்சனும் 2004ல் அங்கேதான் போனார்.

அடுத்தது டெக்சாஸ் டெக் கல்லூரியின் ஊரான லபக், 2016 அக்டோபர் 22. டெக்சாஸ் டெக் உங்கள் இரண்டு அமைப்பையும் சேர்ந்ததில்லைதான், ஆனால் நான் சொல்ல வருவது முழுக்க அந்த ஒரே இரவில் இருக்கிறது. டெக்கின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பாட்ரிக் மஹோம்ஸ், கிழக்கு டெக்சாஸின் வொய்ட்ஹவுஸ் ஊர்ப் பையன். எதிரில் ஒக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்ட், ஆஸ்டினில் லேக் டிராவிஸ் பள்ளிப் பையன். மேஃபீல்ட் 2013ல் இதே டெக் அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே களமிறங்கி நான்கு டச் டவுன் (ஆறு புள்ளி தரும் ஸ்கோர்) எறிந்தவர். பிறகு அங்கே இடம் நிலைக்காமல் ஒக்லஹோமாவுக்கு, அங்கும் ஸ்காலர்ஷிப் இல்லாமலே, போனவர். அன்று இரவு மஹோம்ஸ் 88 தடவை பந்தை எறிந்தார். 734 யார்டு. ஓடியதையும் சேர்த்தால் 819. மேஃபீல்ட் 545 யார்டு, ஏழு டச் டவுன். அவர் எறிந்ததைப் பிடித்து ஓடியவர்களில் டீடி வெஸ்ட்புரூக் கேமரன் ஊர்ப் பையன், அதுவும் டெக்சாஸ்தான். இரண்டு அணியும் ஆளுக்கு 854 யார்டு முன்னேறின, அச்சடித்தது போல ஒரே எண்ணிக்கை. முடிவு 66-59. ஜெயித்தது ஒக்லஹோமா.

தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் பிறகு மஹோம்ஸ் என்ன செய்தார் என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு டெக் அந்த சீசனில் 5-7, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. ஏனென்றால் எதிரணியைத் தடுக்க ஆள் இல்லை. இங்கே கோடை முழுவதும் செவன்-ஆன்-செவன் ஆடுவார்கள். முன்வரிசையான லைனில் மோதும் பெரிய உடம்புக்காரர்கள் இல்லாமல், எறிவதும் பிடிப்பதும் மட்டுமான ஆட்டம். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. குவார்ட்டர்பேக்குகளும் ரிசீவர்களும் அதில் விளைகிறார்கள். 130 கிலோ எடையோடு முன்வரிசையில் குனிந்து நின்று, யார் கண்ணிலும் படாமல் நான்கு வருடம் உழைக்க வேண்டிய பையனை அதில் யார் பார்க்கப்போகிறார்கள்?

சரி, விளைந்த குவார்ட்டர்பேக்குகளையாவது வைத்துக்கொண்டீர்களா? எங்கள் ஆலன் பள்ளிக்கு மூன்று மாநிலப் பட்டம் வாங்கித் தந்த கைலர் மரி, 2015ல் ஏ அண்ட் எம்முக்குத்தான் வந்தார். அவர் அப்பா கெவின் மரி 1980களில் அதே ஏ அண்ட் எம்மின் குவார்ட்டர்பேக். இதைவிட உறவு வேண்டுமா? ஒரே சீசன். அந்த டிசம்பரில் அவரும், அணியின் இன்னொரு குவார்ட்டர்பேக் கைல் ஆலனும் சில நாள் இடைவெளியில் வெளியேறினார்கள். 2017ல் மேஃபீல்டும் 2018ல் மரியும் ஒக்லஹோமா சட்டையில் ஹைஸ்மன் வாங்கினார்கள், அடுத்தடுத்த டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நீங்கள் அலையக்கூட இல்லை. வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆஸ்டின் கணக்கு இதற்கு இளைத்ததில்லை. 2010, 2011, 2012 மூன்று வருடமும் லாங்ஹார்ன்ஸ் சேர்த்த பையன்கள் நாட்டின் முன்வரிசைப் பட்டியலில் இருந்தார்கள். 2014 டிராஃப்டில் 256 பேர் தேர்வானார்கள். லாங்ஹார்ன்ஸிலிருந்து ஒருவர்கூட இல்லை, 1937க்குப் பிறகு முதல் முறையாக. பள்ளி வீரர்களைத் தரம் பிரிப்பவர்கள் கொடுக்கும் நட்சத்திரக் குறியோடு வந்த பையன்கள் உங்கள் கட்டடத்துக்குள் வந்ததும் வளர்வதை நிறுத்திவிட்டார்கள் என்றால் குறை பையன்களிடமா இருக்கும்?

அதே 2014 ஜனவரியில்தான் சார்லி ஸ்ட்ராங் வந்தார், அந்த அணியின் முதல் கறுப்பினத் தலைமைக் கோச். பெட்டியைப் பிரிக்கும் முன்பே பெரும் நன்கொடையாளர் ரெட் மெக்கோம்ப்ஸ் வானொலியில் அந்த நியமனத்தைக் கண்டபடி பேசினார். பின்னர் வருத்தம் தெரிவித்தார், ஆனால் அதற்குள் எல்லாப் பையன்களின் அம்மாக்களும் அதைக் கேட்டாயிற்று. ஸ்ட்ராங் ஜெயிக்கவில்லை என்பதும் உண்மை. 16 வெற்றி, 21 தோல்வி, கான்சஸிடம்கூட ஒன்று. ஆனால் மேலே உள்ளவர்களுக்கே நம்பிக்கை இல்லாத ஆளை நம்பி எந்தக் குடும்பம் பையனை அனுப்பும்?

இனி பணம். கணக்கு வழக்கில் நீங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2017 டிசம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷருக்கு ஏ அண்ட் எம் பத்து வருடத்துக்கு ஏழரைக் கோடி டாலர் எழுதிக் கொடுத்தது, முழுக்க உத்தரவாதத்தோடு. 2021ல் அதை 2031 வரை நீட்டினார்கள். 2022ல் அவர் சேர்த்த பையன்கள் நாட்டிலேயே முதலிடம்; அதுவரை யாரும் சேர்க்காத அளவு உயர்ந்த கூட்டம் என்று எழுதினார்கள். அந்த செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்து ஏ அண்ட் எம் மைதானமான கைல் ஃபீல்டுக்கு வரவழைத்தீர்கள், எளிதாக ஜெயிப்பதற்காக. அவர்கள் 17-14 என்று ஜெயித்து, காசோலையையும் வாங்கிக்கொண்டு ஊர் போனார்கள். சீசன் 5-7. அந்தக் கூட்டத்தில் பலர் ஒவ்வொருவராக வேறு கல்லூரிக்கு மாறினார்கள். 2023 நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று வென்ற மறுநாள் ஃபிஷரை அனுப்பினீர்கள். அனுப்பியதற்கு விலை சுமார் 7.6 கோடி டாலர். அவர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அதில் ஒரு காசு குறையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது! பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதையே இரண்டு தடவை படித்துப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, இதில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றாதா?

நன்கொடையாளர் பணம்தானே, மாணவர் கட்டணம் இல்லையே என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் தோற்றால் ஒன்றும் இழக்க மாட்டார் என்ற ஒப்பந்தத்தில் ஒரு கோச்சை உட்கார வைத்தால், பெயர் போன பையன்களைச் சேர்த்துக் காட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. அவர்களை மூன்றாம் வருடத்தில் ஆளாக்க வேண்டிய அவசரம் அவருக்கு ஏது?

நீங்கள் சரியாகச் செய்த ஒன்றும் உண்டு. அதை மறந்துவிட்டீர்களோ என்றுதான் எனக்குப் பயம். 2021ல் ஆஸ்டின் கோச் ஸ்டீவ் சார்கீசியன் முதல் சீசனில் 5-7. சொந்த மைதானத்தில் கான்சஸிடம் 57-56 என்று தோல்வி. அந்த வாரம் உங்கள் ஃபோன் எப்படி அடித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் எடுக்கவில்லை, அல்லது எடுத்தும் அசையவில்லை. அடுத்த வருடம் 8-5, அதற்கடுத்து 12-2, பிறகு 13-3. தொடர்ந்து இரண்டு வருடம் பிளே-ஆஃப் அரையிறுதி.

அந்த 12-2 அணியின் நடுவில் நின்றவரைப் பாருங்கள். டி'வாண்ட்ரே ஸ்வெட், ஹன்ட்ஸ்வில் ஊர்ப் பையன். 2019ல் சேரும்போது மூன்று நட்சத்திரம்தான், பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. ஐந்து சீசன் அங்கேயே இருந்தார். இடையில் கோச் மாறினார், தோல்விகள் வந்தன, அவர் போகவில்லை, அவரையும் யாரும் போகச் சொல்லவில்லை. 2023ல் நாட்டின் சிறந்த லைன்மனுக்கான அவுட்லேண்ட் விருது அவருக்கு. பக்கத்தில் நின்ற பைரன் மர்ஃபி டிசோட்டோ ஊர்க்காரர், அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போனார். டெக்சாஸில் லைன்மன் விளையாது, அதற்கு ஜார்ஜியாவும் லூசியானாவும் போக வேண்டும் என்று இனி யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம், 2025-26ல் ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. (இதையே ரகசியமாகக் கொடுத்ததற்குத்தான் 1987ல் எஸ்.எம்.யு. அணியையே மூடினார்கள். காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்.) எந்தப் பையனும் எந்த வருடமும் கிளம்பலாம். காசு இருப்பவனுக்கு இது வசதி, உங்களிடம் காசு இருக்கிறது, ஆகவே அவசரமும் கூடும். வளர்க்கும் பொறுமையை அடியோடு விட்டுவிட்டு, ஆண்டுதோறும் ஒரு புதுக் கூட்டத்தைக் கடையில் வாங்குவது போல வாங்கத் தோன்றும். என் கவலையெல்லாம் அதில்தான்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். முழு உத்தரவாத ஒப்பந்தம் எந்தக் கோச்சுக்கும் வேண்டாம். அவர் வேறு வேலையில் சேர்ந்தால் நீங்கள் தருவது அந்த அளவுக்குக் குறைய வேண்டும். அடுத்த ஒப்பந்தம் ஓட்டெடுப்புக்கு வருமுன் அந்தப் பக்கத்தைப் பொதுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஒரு கோச்சுக்கு நான்கு சீசன் என்று முடிவு செய்தால், நான்காவது சீசன் முடியும்வரை நன்கொடையாளர் ஃபோன் எதுவும் விளையாட்டுத் துறை இயக்குநரைத் தாண்டி வரக் கூடாது. சேர்க்கும் பையன்களின் நட்சத்திரக் கணக்கைக் கேட்பதை விட்டு, மூன்று வருடம் முன்பு சேர்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், எத்தனை பேர் முதல் பதினொன்றில் ஆடுகிறார்கள் என்று ஒவ்வொரு ஜனவரியும் கேளுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு ஜூலையும் டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி கோச்சுகள் சங்கத்தின் பயிற்சி மாநாடு நடக்கிறது. உங்கள் கோச்சுகள் எப்படியும் போவார்கள். இந்த முறை உங்களில் இரண்டு மூன்று பேரும் போங்கள். குவார்ட்டர்பேக் பற்றிப் பேசும் பெரிய அரங்கை விட்டுவிட்டு, லைன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிய ஊர்க் கோச் ஒருவர் பேசும் அறையில் கடைசி வரிசையில் உட்காருங்கள். அவரிடம் எந்தப் பையன் இருக்கிறான் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு உங்கள் கோச்சிடம் சொல்லுங்கள். யோசனை எதுவும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலன் பக்கத்திலிருந்து ஒரு சொத்து வரி கட்டுபவன்